இடுப்பில் கட்டிய ஈயம்

ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் உடம்பில் எதையும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். நல்லதுக்குத்தான் என்று யார் சொன்னாலும் கட்டிக்கொள்ளாதீர்கள். சொல்கிறவர் மைத்துனராக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. இவ்வளவையும் எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் காரணம் இல்லாமல் சொன்னால் யார் கேட்பார்கள்? நானே கேட்டிருக்கமாட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு ஊர் சிங்காரப்பேட்டை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஓசூரில் அலுமினியம் காஸ்டிங் செய்யும் கம்பெனி ஒன்றில் கிரைண்டிங் பிரிவில் இருக்கிறேன். அச்சில் வார்த்து வரும் உருப்படிகளின் ஓரங்களில் நிற்கும் பிசிறைத் தேய்த்து எடுப்பது என் வேலை. மத்திகிரியில் வாடகை வீடு. நானும் என் மனைவி சாந்தியும். அவளுடைய தம்பி முருகன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான்.

எனக்குப் பேச்சு வராது. பஸ்ஸில் நடத்துனர் என்னைப் பார்க்காமல் போய்விட்டால், கூப்பிடக் கூச்சப்பட்டு, இறங்கும் இடம் வரை காசைக் கையில் பிடித்தபடியே நிற்பேன். முருகனுக்கு அப்படி இல்லை. என் பங்கையும் சேர்த்து அவனே பேசிவிடுவான். அவனும் அதே கம்பெனிதான். காஸ்டிங்கை எக்ஸ்ரே எடுக்கும் அறையில் உதவியாள். வார்த்த உருப்படிக்கு உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் வெளியே தெரியாது. அதனால் அதை அந்த அறைக்குள் வைத்துக் கதவை மூடிப் படம் பிடிப்பார்கள். கதவுக்குள் ஈயம் இருக்கும். சிவப்பு விளக்கு எரியும்போது யாரும் கிட்டே போகக்கூடாது. முருகன் அங்கே பாதுகாப்புக் குழுவிலும் இருக்கிறான். சட்டையில் பச்சை பேட்ஜ் குத்தியிருப்பான். வீட்டிலும் அந்த பேட்ஜைக் கழற்றுவதில்லை. சாந்தி மிளகாய் வறுத்தால் கண்ணாடி மாட்டச் சொல்வான். நான் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றினால் ஹெல்மெட் எங்கே என்பான். ஒருமுறை உண்மையாகவே கொண்டுவந்து தலையில் மாட்டிவிட்டான்.

கோடையில் ஒரு நாள் வேலையில் இருக்கும்போது இடது விலாவுக்குக் கீழே பிடித்தது. வாயுப்பிடிப்பு என்று நினைத்தேன். அது முதுகிலிருந்து கிளம்பித் தொடை இடுக்கு வரை இறங்கியது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. காஸ்டிங் தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன். அப்புறம் கழிவறைக்குப் போனபோது சிறுநீர் சிவப்பாகப் போனது. யாரிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் எப்படிச் சொல்வது? நான் நடக்கிற நடையைப் பார்த்து சாந்திதான் கண்டுபிடித்தாள்.

டாக்டர் முதலில் வயிற்றில் பசை தடவித் தேய்க்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் கதிர் கிடையாது, சத்தத்தை வைத்துப் படம் காட்டுவது. இடது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, கீழே எங்கேயோ அடைப்பு, என்ன அடைப்பு என்று இதில் தெரியவில்லை என்றார். கல்லாக இருக்கலாம் என்றவர், வேறாகவும் இருக்கலாம் என்றார். அந்த 'வேறு' என்ன என்று கேட்கவேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. சிடி ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். வளையம் போன்ற ஒரு மெஷினுக்குள் நம்மைப் படுக்கவைத்து நகர்த்துவார்கள். எக்ஸ்ரே கதிர் நம்மைச் சுற்றிச் சுற்றி வந்து உடம்பைத் துண்டு துண்டாக நறுக்கிய மாதிரி படம் எடுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முருகன் சீட்டைப் பிடுங்கிப் படித்தான்.

"சிடியா? மாமா, இது சாதா எக்ஸ்ரே மாதிரி இல்ல. பல மடங்கு கதிரு. எங்க ரூம்ல கதவு இம்மாம் தெறந்திருந்தாவே ஹாரன் அடிக்கும். உன்ன உள்ளாறயே படுக்க வெக்கறாங்க!"

"அவங்களுக்குத் தெரியாதாடா?" என்றாள் சாந்தி.

"அவங்க கண்ணாடிக்கு அந்தாண்ட நிக்கறாங்கக்கா. மாமாதான இந்தாண்ட இருக்குது. வுடு, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் ஒரு துண்டு ரப்பர் விரிப்போடு வந்தான். கறுப்பாக, பார்த்தால் காருக்குள் போடும் கால்விரிப்பு மாதிரி. தூக்கினால்தான் கனம் தெரிந்தது. ஈயப்பொடி கலந்த ரப்பர். எக்ஸ்ரே அறைக் கதவைப் பழுது பார்த்தபோது மிஞ்சிய துண்டாம், கேட்டு வாங்கி வந்தானாம். என் இடுப்பு அளவுக்கு அறுத்தான். அறுக்கும்போது பிளேடு சறுக்கி ஒரு மூலை சாய்வாகப் போனது. இரண்டு பக்கமும் நாடா வைத்துச் சாந்தி தைத்துக் கொடுத்தாள்.

ஸ்கேன் சென்டரில் கூட்டம் சொல்லி முடியாது. வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். அடக்கினேன். கூப்பிடவில்லை. ஒருவர் தெலுங்கில் சண்டை போட்டார். ஒருவர் கன்னடத்தில் சமாதானம் சொன்னார். எனக்குப் பின்னால் வந்தவர்கள் உள்ளே போய்விட்டு வந்தார்கள். ஏற்கெனவே வலி, அதன்மேல் அடக்கிய வலி, அதற்கும் மேல் வேட்டிக்குள் கல் மாதிரி அந்த ரப்பர். முருகன் கவுன்டரில் போய்க் கத்தியபோது சட்டென்று என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இருந்த இளைஞர், "மெட்டல் ஏதாவது போட்டிருக்கீங்களா? பெல்ட், செயின், அரைஞாண்?" என்று கேட்டார். அரைஞாண் கயிற்றிலிருந்த வெள்ளித் தாயத்தை அவிழ்த்துக் கொடுத்தேன். ரப்பரை நான் மெட்டலாக நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும், எனக்கு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் நிற்கும்போது வேட்டியை அவிழ்த்துக் காட்டியிருக்கமாட்டேன். அவரும் அவசரத்தில் இருந்தார். அடுத்த ஆளை அனுப்புங்கள் என்று வெளியிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. படம் எடுத்து முடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. முருகன் எழுத்துக் கூட்டிப் படித்தான். இடுப்புப் பகுதியில் உலோகம் இருக்கிறதாம். அதன் நிழல் விழுந்து சிறுநீர்ப்பையும் சிறுநீர்க்குழாயின் கடைசிப் பகுதியும் தெரியவில்லையாம்.

சாந்தி என்னைப் பார்த்தாள். "உங்க இடுப்புல ஏதுங்க இரும்பு? கல்யாணத்துக்கு மின்ன ஏதாவது ஆபரேசன் பண்ணிக்கினீங்களா? எங்கூட்டுல சொல்லாம உங்காளுங்க மறைச்சுட்டாங்களா?"

கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து, வலியில் சுருண்டு படுத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வி.

"வேற யாரு ரிப்போர்ட்டோ மாத்திக் குடுத்துட்டானுங்கக்கா," என்றான் முருகன். "வா மாமா, நாலு வார்த்த கேட்டுட்டு வரலாம்."

கேட்டான். நாலு வார்த்தையோடு நிற்கவில்லை. சென்டர் முழுக்க எழுந்து நின்று பார்த்தது. கடைசியில் அங்கிருந்த அம்மா ஒருவர் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இதுதான் இவர் படம். பெயர் பாருங்க, நேரம் பாருங்க. இதோ, வெள்ளையா இருக்கே, இது என்ன?"

சாம்பல் நிறத்தில் என் எலும்புகள். இடுப்புக்கு நடுவில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பட்டை. அதன் ஒரு மூலை சாய்வாக வெட்டியிருந்தது.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. முருகனின் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் கையை உதறிவிட்டு, "இரு மாமா, இவங்கள சும்மா வுடக்கூடாது" என்றான். அவன் மூச்சு வாங்க நிறுத்துகிற வரை நான் காத்திருக்கவேண்டியிருந்தது. எதிரே டீக்கடைக்கு வந்துதான் சொல்ல முடிந்தது.

"முருகா, அது நீ அறுத்த ரப்பர்டா."

தலையைக் குனிந்து பேட்ஜைத் திருகினான். திருந்திவிட்டான் என்று நினைத்தேன். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப பாரு மாமா! ஒரு பொட்டு கதிரு உள்ள போவல. என்னாமா வேல செஞ்சிருக்குது!"

டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

டாக்டரிடம் போனோம். அவர் ஒரு கையில் போனும் ஒரு கையில் ரிப்போர்ட்டுமாக, "இடுப்பில் என்ன மெட்டல்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "மிஷின் கோளாறு சார்" என்றான் முருகன். டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. "பீடி குடிப்பீங்களா?" என்று என்னிடம் கேட்டார். முன்பு குடித்தேன், விட்டுவிட்டேன் என்றேன். அவர் தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ரத்தம் போகிறது, சிறுநீர்ப்பை தெரியவில்லை, உள்ளே கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும் என்றார். பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து, மருந்து ஏற்றி இன்னொரு சிடி எடுக்கச் சொன்னார்.

கட்டி. 'வேறு' என்று முதல் நாள் சொன்னது அதுதான். வரும் வழியில் ஆட்டோவில் யாரும் பேசவில்லை, முருகன் உட்பட.

கிருஷ்ணகிரி போகும் சாலையில் இருக்கும் மருத்துவமனையில் சேர்ந்தேன். கையில் ஊசியைக் குத்தி டேப் ஒட்டினார்கள். கூட்டிப்போய் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சொன்ன அந்தச் சாய மருந்தை ஏற்றினால் சிறுநீரகம் தாங்குமா என்று அந்த ரத்தத்தில் பார்ப்பார்களாம். முடிவு வரவில்லை, வந்தது, பார்க்க டாக்டர் இல்லை, டாக்டர் வந்தார், மெஷின் காலி இல்லை. வலி ஊசி போட்டால் அடங்கும், போட்டதை மறந்ததும் வரும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எனக்கு என்ன நோய் என்று ஒவ்வொரு வேளையும் கேட்டார். சாந்தி கெலவரப்பள்ளிப் பக்கத்திலிருந்து வரும் இளநீரைத் தேடி வாங்கி வந்து, டம்ளரில் ஊற்றி, கொட்டாமல் நீட்டுவாள். பில்லை மட்டும் என் கண்ணில் காட்டாமல் முந்தானையில் முடிந்துகொள்வாள். அவள் காதில் தோடு இருக்கிறதா என்று தினமும் பார்த்தேன். இருந்தது. அப்புறம் ஒரு நாள் அது பித்தளைத் தோடாக இருந்தது. 

சாவைப் பற்றி அப்போதுதான் யோசித்தேன். பயம் என்று சொல்வதைவிட எரிச்சல் என்று சொல்லலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டவேண்டிய படம் எடுத்தாகிவிட்டது, அதை நாமே மறைத்துவிட்டோம், இப்போது இன்னொரு முறை கதிர் வாங்கவேண்டும். கதிரைக் குறைக்கப் போய் இரட்டிப்பாக்கிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஸ்கேன் அன்று காலை முருகன் வந்தான். கையில் பை.

"வேண்டாம்டா," என்றேன், அவன் பையைத் திறப்பதற்கு முன்பே.

"மாமா, கேளு. இந்த தபா வயித்த மறைக்கவே இல்ல. அதுக்கும் கீழ மட்டும். ஆம்பளைக்கு முக்கியமான எடம். சின்னத் துண்டு."

"அந்த எடத்தால இனிமே ஆகப்போறது ஒண்ணும் இல்லடா."

சாந்தி சிரித்துவிட்டாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினாள். ரப்பர் துண்டை அவளுடைய பழைய பூப்போட்ட நூல் புடவைத் துணிக்குள் வைத்து, ஓரம் முழுக்கக் கையாலேயே தைத்திருந்தாள். "போன தபா உறுத்துச்சுன்னீங்களே, அதான். இன்னொருவாட்டி அம்மாம் கதிரு ஏறணுமேன்னு இருக்குது. எனக்காகக் கட்டிக்குங்க," என்றாள்.

முருகன் சொன்னதைத் தட்டிவிடலாம். அந்தத் தையலை எப்படித் தட்டுவது? கட்டிக்கொண்டேன்.

இங்கே ஸ்கேன் அறையில் இருந்தவர் மஞ்சுளா என்று ஒரு பெண். கன்னடம் கலந்த தமிழ். என்னைப் படுக்கவைத்துவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார். முதலில் மேலோட்டமாக ஒரு படம் எடுப்பார்கள், எங்கிருந்து எதுவரை எடுக்கவேண்டும் என்று குறிப்பதற்கு. மெஷின் ஒருமுறை உள்ளே இழுத்து வெளியே விட்டது. நின்றது. கதவு திறந்தது.

"ஏன் சார் இது? உள்ள என்னா வெச்சிருக்கீங்க?"

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"சார், உங்களத்தான். கவுனுக்குள்ள என்னா?"

"ஈயங்க," என்றேன்.

"ஈயமா! எடுங்க மொதல்ல. நான் திரும்பிக்கறேன்."

எடுத்துக் கொடுத்தேன். பூப்போட்ட அந்தச் சின்னத் தலையணையை வாங்கிக் கையில் எடை பார்த்தார். சிரிப்பை அடக்கியது தெரிந்தது. "யாரு தெச்சது? ரொம்ப சென்னாகி, நல்லா தெச்சிருக்காங்க."

"வீட்டுக்காரிங்க. கதிர் கொறையும்னு."

"எங்க வேலை உங்களுக்கு?"

"காஸ்டிங் கம்பெனிங்க."

"அங்க காஸ்டிங்குக்கு எக்ஸ்ரே எடுப்பாங்கல்ல? அப்ப காஸ்டிங் மேல ஈயத்தப் போட்டு மூடுவீங்களா?"

"மூடினா உள்ள இருக்கறது எப்படீங்க தெரியும்?"

"அப்ப ஈயம் யாருக்கு?"

"கதவுக்கு. வெளிய நிக்கறவங்களுக்கு."

"அவ்வளவுதான். நீங்க வெளிய நிக்கற ஆளா? இன்னிக்கு நீங்கதான் சார் காஸ்டிங்."

 அவர் அதோடு விடவில்லை. இந்த மெஷின் முன்பக்கத்திலிருந்து மட்டும் கதிர் விடுவதில்லை, சுற்றிச் சுற்றி விடுகிறது, முன்னால் மறைத்தால் முதுகு வழியாக வரும் என்றார். அதைவிட மோசம், கதிர் போகிற வழியில் கனமாக எதையாவது கண்டால், ஆள் பருமன் போலிருக்கிறது, இந்தக் கதிர் போதாது என்று மெஷினே கணக்குப் போட்டுக் கூட்டி விட்டுவிடும் என்றார். அப்படியானால் போன முறை முருகன் எனக்குக் கூடுதலாக வாங்கிக் கொடுத்திருக்கிறான். முன்பெல்லாம் மருத்துவமனைகளிலேயே நோயாளிக்கு ஈயம் போட்டு மூடுவது பழக்கமாக இருந்ததாம். அதனால் நன்மையைவிடத் தொல்லைதான் அதிகம் என்று பல இடங்களில் விட்டுவிட்டார்களாம்.

"அப்ப கொறைக்கறதுக்கு வழியே இல்லீங்களா?"

"இருக்கு. பழைய படத்த எடுத்துட்டு வந்தா வேண்டாத படத்த விட்டுடலாம். தேவையான எடம் மட்டும் எடுக்கறோம். உங்க ஒடம்புக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் வெக்கறோம். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், ஆடாம இருங்க. ஆடினா மறுபடி எடுக்கணும். மூச்சப் புடின்னா புடிக்கணும். சரியா?"

இத்தனை நாளில் ஒருவர் எனக்குக் காரணம் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை முதல் சென்டரில் சுவரில் எழுதி ஒட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

சாயம் ஏறியபோது உடம்பெல்லாம் சூடு பரவியது. படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டது போலிருந்தது. போகவில்லை, அப்படித்தான் தோன்றும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். மூச்சைப் பிடித்தேன். ஒரு மயிர்க்கால்கூட ஆடவில்லை.

அன்று மதியமே டாக்டர் கட்டிலுக்கு வந்தார். முருகன் எழுந்தான். சாந்தி அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"கட்டி இல்லை," என்றார் டாக்டர். "கல். சிறுநீர்க்குழாய் பைக்குள் வந்து சேரும் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறது. முதல் ஸ்கேனில் சரியாக அந்த இடம்தான் மறைந்துபோயிருக்கிறது."

சாந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் முருகனைப் பார்த்தேன். அவன் விட்டத்து ஃபேனைப் பார்த்தான்.

சிறுநீர் போகும் வழியிலேயே குழாய் விட்டு, லேசரால் கல்லை உடைத்து எடுத்தார்கள். அதைப் பற்றி விரிவாக எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உள்ளே மெல்லிய குழாய் ஒன்றை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் கழித்து அதை எடுப்பதற்கு முன், கல் துணுக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சாதா எக்ஸ்ரே ஒன்று எடுக்கச் சொன்னார்கள்.

வெறும் வயிற்றில் போயிருந்தேன். எக்ஸ்ரே அறையில் நின்றதும் தலை சுற்றியது. படுக்கவைத்தும் ஒரு பக்கமாகச் சரிந்தேன். அன்றும் மஞ்சுளாதான் இருந்தார். "கூட வந்தவங்க யாராவது ஒருத்தர் வந்து புடிச்சுக்கணும். புள்ளத்தாச்சி கூடாது," என்று கதவைத் திறந்து சொன்னார். சாந்தி எழுவதற்குள் முருகன் உள்ளே வந்துவிட்டான்.

அவர் சுவரில் மாட்டியிருந்த கனமான நீல அங்கியை எடுத்து அவன் தலைவழியாக மாட்டினார். கழுத்திலிருந்து முழங்கால் வரை ஈயம்.

"எனக்கா?" என்றான் முருகன்.

"உங்களுக்குத்தான். நீங்க படம் எடுத்துக்க வரல, புடிக்க வந்திருக்கீங்க."

பச்சை பேட்ஜ் அங்கிக்குள் மறைந்துபோனது. என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பெனியில் காலையில் பாதுகாப்பு உறுதிமொழி சொல்லும்போது நிற்பது போல விறைப்பாக நின்றான். நான் மெல்லிய கவுனோடு கிடந்தேன், மேலே ஒரு நூல்கூடக் கனமில்லாமல்.

திரையைப் பார்த்துவிட்டு மஞ்சுளா சொன்னார்: "கல்லு மாதிரி எதுவும் தெரியல. டாக்டர் பாத்துச் சொல்லுவாங்க." டாக்டரும் பார்த்துவிட்டு, சுத்தம் என்றார்.

வெளியே வந்தால் வராந்தாவில் முருகன் இன்னும் அங்கியோடு நிற்கிறான். சாந்தியின் கையில் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பாத்தியாக்கா? நான் மொதல்லருந்து இன்னா சொன்னேன்? ஈயம் போட்டாங்க, ரிப்போர்ட்டு சுத்தமா வந்துடுச்சு!"

"டேய்! அதக் கழட்டிக் குடுத்துட்டு வாடா!" என்று கத்தினேன்.

மருத்துவமனை நாட்கள் முழுவதிலும் நான் சத்தமாகப் பேசியது அது ஒன்றுதான். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இல்லை.